பிள்ளைக்குக் கழிப்பறை பழக்குவோம்



குழந்தை வாசலில் ஆய் போய்விட்டது. நாம் என்ன செய்கிறோம்? தாளில் அள்ளித் தெரு ஓரம் போடுகிறோம். துணியைக் குழாயடியில் அலசுகிறோம். “பச்சைப் பிள்ளை மலம்தானே, அதில் என்ன கெடுதல்?” என்கிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கெடுதல் உண்டு. பெரியவர் மலத்தில் இருக்கும் நோய்க் கிருமிகள் குழந்தை மலத்திலும் இருக்கும்.

கொல்கத்தாவில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அந்த ஊருக்குக் கல்கத்தா என்று பெயர். அங்கே காலரா அடிக்கடி வரும். பலரைக் கொண்டுபோகும். 1883 டிசம்பரில் ஜெர்மனி டாக்டர் ராபர்ட் கோக் அங்கே வந்தார். ஒரு குளத்தைச் சுற்றிக் குடிசைகள். அங்கே பலருக்குக் காலரா. மக்கள் அந்தக் குளத்தில்தான் குளித்தார்கள். துணி துவைத்தார்கள். அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். 1884-இல் கோக் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். அதில் காலராக் கிருமி இருந்தது. அங்கே முதலில் இறந்தவரின் அழுக்குத் துணியை அந்தக் குளத்தில்தான் அலசியிருந்தார்கள்!

பிறகு 1959-இல் கல்கத்தா டாக்டர் சம்புநாத் தே இன்னொன்றைக் கண்டுபிடித்தார். காலராக் கிருமி குடலில் ஒரு நஞ்சை விடுகிறது. அதனால்தான் உடம்பில் உள்ள நீர் பேதியாக வெளியேறுகிறது. சின்ன உடம்பு சீக்கிரம் வற்றிவிடும்.

ஆகவே குழந்தையின் மலத்தையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். துணி அலசிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றுங்கள். கழிப்பறை இல்லையா? கிணறு, குளம், குழாய்க்குத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் கையையும் கழுவுங்கள்.

சரி, பிள்ளையை எப்போது பழக்குவது? “பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வயதிலேயே சொல்கிறான்” என்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பல குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தயாராகின்றன. வயதை மட்டும் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் துணி நனையாமல் இருக்கிறதா? தானாகக் குந்தி உட்கார்கிறதா? ஆய் வரும்போது மூலைக்குப் போய் முகம் சிவக்க நிற்கிறதா? அப்படியானால் தொடங்கலாம்.

சாப்பிட்ட பிறகு குடல் அசையும். அதனால் சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்து உட்கார வையுங்கள். நம் பாட்டிமார்கள் காலை நீட்டி, பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைப்பார்கள். அது நல்ல முறைதான். கடையில் விற்கும் சிறு பிளாஸ்டிக் இருக்கையும் போதும். பெரிய கழிப்பறைக் குழியைக் கண்டால் சில பிள்ளைகள் அலறும். உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம். அப்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையா? தூக்கிவிடுங்கள். நாடா, பட்டன் இல்லாத தளர்ந்த உடை போடுங்கள். அவிழ்ப்பதற்குள் போய்விடும் அல்லவா?

அடிக்காதீர்கள். இதை அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடி வாங்கிய பிள்ளை மலத்தை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியது வெளியே வரும்போது வலிக்கும். வலித்தால் மறுபடி அடக்கும். இதை மாற்றுவதற்குள் பல வாரம் ஆகிவிடும். பழமும் கீரையும் தண்ணீரும் கொடுங்கள். சரியாகப் போன அன்று கை தட்டுங்கள். தவறிப் போன அன்று பேசாமல் துடைத்துவிடுங்கள்.

தம்பியோ தங்கையோ பிறந்தால், பழகிய பிள்ளையும் திடீரென மறந்துவிடும். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும். இரவில் படுக்கை நனைவது ஐந்து வயது வரைகூட இருக்கலாம். அதற்குப் பிறகும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் உடனே காட்டுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆய் வருவதை எப்படிச் சொல்கிறது? இனி நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.