பில் ஷாங்க்லி விலகிய நாள்



சனிக்கிழமை இரவுகளில் தோட்டத்து வீடுகளில் நடப்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் அப்பா ஒரு பக்கம், அண்ணன் தம்பிமார் ஒரு பக்கம். "எவனோ பந்தை உதைத்தால் உங்களுக்கு என்ன, சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுப்பார். நடுநடுவே தாமும் எட்டிப் பார்த்துக்கொள்வார். மறுநாள் காலையில் திடலுக்குப் போனால், லிவர்பூல் குழுவின் சிவப்புச் சட்டையோடு நாலு பிள்ளைகளாவது நிற்பார்கள். சட்டை சிவப்பு, கால்சட்டை சிவப்பு, காலுறையும் சிவப்பு.

இந்த முழுச் சிவப்பு எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 1964ஆம் ஆண்டு வரை அந்தக் குழுவினர் வெள்ளைக் கால்சட்டை அணிந்துதான் ஆடினார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே சிவப்பாக இருந்தால் ஆட்டக்காரர்கள் இன்னும் பெரிய ஆட்களாகத் தெரிவார்கள், எதிர்க்குழுவுக்குக் கொஞ்சம் அச்சம் பிறக்கும் என்று எண்ணி அதை மாற்றியவர் ஒரு பயிற்றுநர். அவர் பெயர் பில் ஷாங்க்லி. அந்த மனிதர் பதவியிலிருந்து விலகியபோது அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள், விலகிய பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் காற்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்றுநரை மேனேஜர் என்பார்கள். உடனே நம் தோட்டத்து மானேஜரை நினைத்துக்கொள்ளாதீர்கள்! வெயிலிலும் மழையிலும் ஆட்களோடு ஆட்களாக நிற்கிற வேலை அது. மண்டோர் வேலைக்குத்தான் சற்றுக் கிட்டத்தில் வரும். குழு வென்றால் புகழில் பங்கு உண்டு. தோற்றால் முதல் அடி அவருக்குத்தான்.

ஷாங்க்லி 1913ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்னும் சிற்றூரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. ஆண்பிள்ளைகள் ஐவர், அந்த ஐவருமே பின்னாளில் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவர்கள். அந்தச் சிறிய ஊரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பேர் அப்படி ஆட்டக்காரர்களாகப் போனார்கள் என்று சொல்வார்கள். பள்ளியை விட்டதும், பதினான்கு வயதில் ஷாங்க்லி சுரங்க வேலைக்குப் போனார். சில ஆண்டுகளில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இல்லை. பந்து காலில் இருந்ததால் பிழைத்தார். 1932இல் கார்லைல் குழுவில் சேர்ந்தார். பிறகு பிரஸ்டன் குழுவுக்காக ஆடி, 1938இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றார்.

1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் லிவர்பூலுக்குப் பயிற்றுநராக வந்தபோது அது இரண்டாம் பிரிவில் கிடந்த குழு. புதிதாக வருகிற பெரியவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? பழைய ஆட்களை அனுப்பிவிட்டுத் தமக்கு வேண்டியவர்களைக் கொண்டுவருவார்கள். ஷாங்க்லி அப்படிச் செய்யவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த துணைப் பயிற்றுநர்களை அப்படியே வைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களின் காலணிகளை வைக்கும் ஒரு சின்ன அறையில் அவர்கள் கூடுவார்கள். தேநீர் குடித்துக்கொண்டே யாருக்குக் காலில் வலி, யார் சோர்ந்திருக்கிறார், அடுத்த ஆட்டத்தில் யாரை இறக்கலாம் என்று பேசுவார்கள். அந்தக் காலணி அறை இங்கிலாந்துக் காற்பந்து வரலாற்றில் பெயர் பெற்ற இடம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1962இல் குழு முதல் பிரிவுக்கு ஏறியது. 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியாளர், 1965இல் எஃப்.ஏ. கிண்ணம், 1973இல் யூஃபா கிண்ணம். பட்டியல் இத்துடன் போதும். கிண்ணம் வென்ற பயிற்றுநர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஊர் மக்கள் இவரிடம் இப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு.

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கியவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். ஆன்பீல்டு திடலில் கோலுக்குப் பின்னால், நின்றுகொண்டு பார்க்கிற பெரிய மேடை ஒன்று இருந்தது. 'கோப்' என்று பெயர். 1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குன்று ஒன்றில் நடந்த போரில் அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் மாண்டார்கள். அந்தக் குன்றின் பெயரையே மேடைக்கு வைத்தார்கள். அதில் நெருக்கியடித்து நின்று பாடியவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். ஷாங்க்லி அவர்களைத் தம் ஆட்களாகவே எண்ணினார். ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தாமே தட்டச்சுப் பொறியில் பதில் அடித்து அனுப்புவார். 1973இல் குழு லீக் பட்டத்தை வென்று திடலைச் சுற்றி வந்தபோது, ரசிகர்கள் தங்கள் கழுத்துத்துண்டுகளை அவரை நோக்கி வீசினார்கள். அதில் ஒன்றை ஒரு போலீஸ்காரர் காலால் ஒதுக்கித் தள்ளினார். ஷாங்க்லி அவரைக் கண்டித்துவிட்டு, குனிந்து அந்தத் துண்டை எடுத்துத் தம் கழுத்திலே போட்டுக்கொண்டார். ஒரு பையன் காசு சேர்த்து வாங்கிய துண்டு அல்லவா அது!

1974 மே மாதம் 4ஆம் தேதி, வெம்பிளியில் நியூகாசல் குழுவை மூன்றுக்குச் சுழியம் என்று தோற்கடித்து மீண்டும் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார்கள். அன்று இரண்டு ரசிகர்கள் திடலுக்குள் ஓடிவந்து அவர் காலடியில் விழுந்து காலணியை முத்தமிட்டார்கள். எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. மனிதர் காலில் மனிதர் விழும் பழக்கத்தைப் பற்றி நம் வீடுகளிலேயே பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனாலும் அந்த அன்பின் அளவு எவ்வளவு என்பதற்கு அது ஒரு சாட்சி.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை மாதம் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, செய்தியாளர்களைக் கூட்டினார்கள். ஷாங்க்லி விலகுகிறார் என்று குழுவின் தலைவர் அறிவித்தார். சண்டை இல்லை, தோல்வி இல்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். களைத்துவிட்டேன், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார் அவர். அப்போது அவருக்கு வயது 60.

ஊர் இதை நம்பவில்லை. தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடம் செய்தியைச் சொன்னார். நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று அவர்கள் அவரையே திருப்பிக் கேட்டார்கள். ஒரு சிறுவனின் முகம் சுருங்கிப்போனதை அந்தப் படத்தில் இன்றும் பார்க்கலாம். சாவு செய்தி கேட்ட முகம் அது. குழுவின் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்துத் திணறிப்போனது. ஓர் ஆலையின் தொழிலாளர்கள், ஷாங்க்லி திரும்ப வராவிட்டால் வேலைநிறுத்தம் செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நேயர்களே, சம்பள உயர்வுக்கு வேலைநிறுத்தம் நாம் அறிந்தது. காற்பந்துப் பயிற்றுநருக்காக வேலைநிறுத்தம்! சிரிப்பு வரலாம். ஆனால் வாரம் முழுவதும் பிறர் ஏவலில் உழைக்கிறவனுக்கு, சனிக்கிழமை மாலையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதற்குத் தன்னைப் போன்ற ஒருவன் தலைவனாக இருக்கிறான். அவன் போகிறேன் என்றால், தன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியது போலத்தான் இருக்கும். இதைப் படித்தவர்களைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

இப்படிப்பட்ட வேகம் வேறு வழியிலும் போய்விடக்கூடும். அதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2015 செப்டம்பர் 3ஆம் தேதி அபுதாபியில் நம் மலேசியக் குழு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் பத்துக்குச் சுழியம் என்று தோற்றது. பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார். ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதி அரேபியாவோடு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம். நம் குழு முதலில் கோல் போட்டது. பிறகு சவூதி இரண்டு போட்டு முந்தியது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. காற்பந்துச் சங்கத்தின் மேல் கோபம் கொண்ட ரசிகர்கள் தீப்பந்தங்களையும் புகைக்குண்டுகளையும் திடலுக்குள் வீசினார்கள். ஆட்டம் நின்றது. மூன்றுக்குச் சுழியம் என்று சவூதிக்கே வெற்றியைக் கொடுத்தது ஃபிஃபா. அபராதமும் விதித்து, அடுத்த ஓர் ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாமல் ஆடும்படியும் கட்டளையிட்டது. கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பத்துக் கோல் வாங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அன்று மைதானத்தில் கைப்பிள்ளையோடு வந்த குடும்பங்களும் இருந்தன. எரிகிற பந்தத்துக்கு யார் அதிகாரி, யார் குழந்தை என்று தெரியாது. விளையாட்டு பார்க்கப் போகிறேன் என்று கூட்டாளிகளோடு பேருந்து ஏறும் மகனிடம், எந்தக் கூட்டத்தோடு உட்காரப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்புவது தப்பில்லை.

லிவர்பூலுக்கு வருவோம். ஷாங்க்லியின் இடத்துக்கு வந்தவர் பாப் பேஸ்லி. அந்தக் காலணி அறையில் இத்தனை ஆண்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துணைப் பயிற்றுநர்தான் அவர். அதிகம் பேசமாட்டார். பதவிக்கு ஆசைப்பட்டவரும் அல்லர். வற்புறுத்தித்தான் உட்கார வைத்தார்கள். முதல் லீக் பருவத்தில் லீக் பட்டமும் இல்லை, பெரிய கிண்ணமும் இல்லை. பழையவர் இருந்திருந்தால் என்று நினைக்காத ரசிகர் இருந்திருக்கமாட்டார். ஆனால் அந்தக் கூட்டம் பேஸ்லியை விரட்டவில்லை. கோப் மேடையில் வழக்கம்போல் நின்று பாடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது பருவங்களில் அவர் ஆறு லீக் பட்டங்களும், 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் கொண்டுவந்தார். ஷாங்க்லிக்கே கிட்டாத கிண்ணம் அது.

விலகிய மனிதர் என்ன ஆனார்? எனக்கு இந்தக் கதையில் மனம் நிற்கிற இடம் இதுதான். நாற்பது ஆண்டு விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பிரட்டுக்குப் போன பால்மரத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மறுநாளும் நான்கு மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து என்ன செய்வார்? ஷாங்க்லி மெல்வுட் பயிற்சித் திடலுக்குப் போனார். பயிற்சி உடையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினார். ஆட்டக்காரர்கள் பழக்க தோஷத்தில் அவரையே தலைவரே என்று அழைத்தார்கள். பேஸ்லியைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இரண்டு தலைவர்கள் ஒரு திடலில் நின்றால் வேலை எப்படி நடக்கும்? மெல்ல மெல்ல, அவர் வரவேண்டியதில்லை என்பது அவருக்கே தெரியும்படி ஆயிற்று. பேஸ்லியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கு, வாரத்தில் ஒரு நாளாவது வந்து உட்கார ஒரு நாற்காலியும் ஒரு சிறு பொறுப்பும் ஏற்பாடு செய்து வைக்க நிர்வாகத்துக்கு முடியாமலா போயிற்று? என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எதிர்க்குழுவான எவர்ட்டன் முதலிய பிற குழுக்களில் தமக்குக் கிடைத்த வரவேற்பு, தாம் வளர்த்த இடத்தில் கிடைக்கவில்லை என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கு அருகில் இருந்ததும் எவர்ட்டனின் பயிற்சித் திடல்தான். அங்கே போய் நின்று வேடிக்கை பார்ப்பார். அக்கம்பக்கத்துப் பையன்களோடு பந்து விளையாடுவார்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் அவர் ஆன்பீல்டுக்கு வந்தார். பெரியவர்கள் அமரும் பகுதிக்குப் போகவில்லை. நேரே கோப் மேடைக்குப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டார். பக்கத்தில் நின்ற தொழிலாளிகள் அவருக்கு இடம் விட்டார்கள், கை குலுக்கினார்கள், அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். ஆண்டவன் கணக்கில் எப்படியோ, என் கணக்கில் அந்த வேலைநிறுத்த மிரட்டலைவிட இது பெரியது.

1981 செப்டம்பர் 29ஆம் தேதி ஷாங்க்லி காலமானார். மறு ஆண்டு ஆன்பீல்டில் அவர் பெயரால் ஒரு வாயில் அமைத்தார்கள். 1997இல் சிலையும் வைத்தார்கள். கழுத்தில் துண்டோடு, கைகளை விரித்து நிற்கிறார். கிளென்பக் ஊர் இன்று இல்லை. சுரங்கம் மூடி, மக்கள் வேலை தேடி வெளியேறி, கடைசியில் நிலக்கரிக்காக மண்ணையே தோண்டிவிட்டதில் வீடுகளும் தெருக்களும் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். லிவர்பூல் ரசிகர்கள் வண்டி எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய், அங்கே தங்கள் சிவப்புக் கழுத்துத்துண்டைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.