கணக்கில் வரவேண்டிய உயிர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எலும்பு, மூட்டு நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர். அந்தச் சிகிச்சைகளுக்குப் பின்னால் நிற்கும் விலங்குகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1990களில் ஒரு படம் உலகமெங்கும் பரவியது. சுண்டெலி ஒன்றின் முதுகில் மனிதக் காது! என் வயதுக்காரர் அப்போது உயர்தர வகுப்பில் இருந்தோம். உண்மையில் அது மனிதக் காது அல்ல. காது வடிவில் செய்த, உடலில் கரைந்துபோகும் சட்டம் ஒன்றில் மாட்டின் குருத்தெலும்புக் கலங்களை இட்டு, எலியின் தோலுக்கடியில் வளர்த்திருந்தார்கள். பந்தலில் பாகற்கொடி படர்வதுபோலக் கலங்கள் அந்தச் சட்டத்தில் படர்ந்தன. இழையப் பொறியியல் என்பது இதுதான்.

பாடநூலில் கசியிழையம் என்று நாங்கள் படித்த குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லை. அதனால் அது சேதமடைந்தால் தானாக ஆறுவது அரிது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புக் கலங்களை வெளியே பெருக்கி, மீண்டும் முழங்காலில் வைத்த 23 பேரின் விபரங்களை 1994இல் சுவீடன் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் அந்த முறை முயல்களில் பரீட்சிக்கப்பட்டிருந்தது. நாங்கள் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

விலங்குகளைப் பயன்படுத்துவோருக்கு ரசல், பேர்ச் என்ற இரு பிரித்தானிய அறிஞர்கள் 1959இலேயே மூன்று கடமைகளை வகுத்தார்கள். விலங்கு இல்லாமல் முடியுமானால் வேறு வழியை எடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. கேட்க எளிது. கடைப்பிடிப்பது எப்படியென்று ஓர் அனுபவம் சொல்கிறேன்.

இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு ஒன்றில் நான் இருந்தேன். முழங்கால் குருத்தெலும்புக்கான புதிய பொருள் ஒன்றைச் சில இளம் முயல்களில் பரீட்சிக்க ஒரு விண்ணப்பம் வந்தது. எண்ணிக்கை குறைவுதானே, அனுமதிக்கலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. மனித முழங்காலின் குருத்தெலும்பு 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பானது. முயலுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர்தான். அதோடு, இளம் முயலின் மூட்டுக் காயம் பெருமளவு தானாகவே ஆறிவிடும். பொருள் வேலை செய்ததா, முயல் தானாக ஆறியதா என்று எப்படிப் பிரித்தறிவது? ஒப்பிட்டுப் பார்க்க, பொருள் வைக்காத முயல்களும் அந்தத் திட்டத்தில் இல்லை. விடை தர முடியாத ஆய்வில் நான்கு முயல் இறந்தாலும் நான்கும் வீண்தான்.

விண்ணப்பித்தவர் என்னுடன் படித்த நண்பர். சில மாதங்கள் அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு திருத்திய திட்டத்தோடு வந்தார். முதலில் கலவளர்ப்பில் சோதனை. அதில் தேறினால் மட்டும் வளர்ந்த முயல்கள். ஒப்பீட்டுக்கு ஒரு பிரிவு. சத்திரசிகிச்சைக்குப் பின் வலிநிவாரணி. முடிவு சாதகமோ பாதகமோ, வெளியிடுவதாக உறுதி. முயல்களின் எண்ணிக்கை முன்னதைவிடக் கூடியிருந்தது. நான் கையெழுத்திட்டேன். முதலில் மறுத்ததைவிட அந்தக் கையெழுத்துத்தான் எனக்குக் கடினமாக இருந்தது.

2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துகளை மனிதரில் பரீட்சிக்குமுன் விலங்கில் சோதித்தே ஆகவேண்டும் என்ற சட்டத் தேவையை நீக்கியது. கலவளர்ப்பும் கணினி மாதிரிகளும் வளர்ந்து வருகின்றன. ஆனால் உடற்பாரத்தை மாதக்கணக்கில் தாங்கி நடக்கும் ஒரு மூட்டை முழுமையாகப் பிரதிசெய்ய அவற்றால் இன்னும் முடியவில்லை. அதுவரை பொறுப்பு எங்களுடையது.

உங்களில் பலர் ஆய்வுகூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் குழுக்களிலும் இருக்கிறீர்கள். சிலர் ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கிறீர்கள். உங்கள் முன் ஒரு திட்டம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டதா? இந்த விலங்கால் அந்த விடையைத் தர முடியுமா? தோல்வியடைந்தாலும் வெளியிடுவீர்களா? மறைக்கப்பட்ட தோல்வியை இன்னொருவர் இன்னொரு நாட்டில் திரும்பச் செய்வார்; திரும்பவும் உயிர்கள் போகும்.

கேள்வி கேட்டால் நட்புக் கெடலாம். ஆனாலும் கேளுங்கள். எழுந்து நின்று கேள்வி கேட்க எங்களைப் பழக்கியது இந்தப் பாடசாலை. தமக்காகக் கேட்க முடியாத உயிர்களுக்காகவும் அந்தப் பழக்கம் பயன்படட்டும்.