பக்கத்தில் உட்காருங்கள், அப்பா!



பின்னால் நிற்கும் அப்பாக்கள் எல்லோரும் முதலில் முன்னால் வாருங்கள். நாற்காலி நிறைய இருக்கிறது. இன்று உங்களைக் கொண்டாடத்தான் கூடியிருக்கிறோம்.

ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19 அன்று இந்த நாளை முதலில் கொண்டாட வைத்தவர் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி. தாயை இழந்த ஆறு பிள்ளைகளுக்குத் தாயும் ஆகி நின்றவர் அவருடைய தந்தை. எவ்வளவு சம்பாதித்தார் என்று அந்த மகள் கணக்குப் பார்க்கவில்லை. வளர்த்தாரே, அதற்குத்தான் விழா எடுத்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவோம்.

புறநானூற்றின் 312ஆம் பாடலைக் கேட்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. பொன்முடியார் பாடியது. தாய்க்கு ஒரு கடமை, கொல்லனுக்கு ஒரு கடமை, வேந்தனுக்கு ஒரு கடமை என்று வரிசையாகச் சொல்லும் அந்தப் பாட்டு, பிள்ளையைச் சான்றோனாக்கும் பொறுப்பைத் தந்தையிடம் தருகிறது. நல்லது. ஆனால் அதே நூலின் 188ஆம் பாடலை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்?

அதைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வம் எப்படிப்பட்டது என்று அறிந்த அரசன். அவன் எதைப் பாடுகிறான்? குறுகுறுவென்று நடந்து வந்து, பெரியவர்கள் சாப்பிடும் கலத்தில் கைவிட்டு, நெய்ச்சோற்றை அள்ளி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் ஒரு குழந்தையைப் பாடுகிறான். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இந்தப் பாட்டு வராது. பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையைப் பிள்ளை கலைக்க விட்டு, சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் வரும்.

நாம் 312ஐ மனப்பாடம் செய்தோம், 188ஐ மறந்துவிட்டோம். கடமையை வைத்துக்கொண்டோம், களிப்பைக் கைவிட்டோம். இதனால் பிள்ளைகளுக்கும் இழப்பு, அப்பாக்களுக்கும் இழப்பு.

அந்தப் புறநானூற்றை 1894இல் அச்சிட்டு நம் கையில் கொடுத்தவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய அப்பா வேங்கடசுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் மனமோ தமிழில் கிடந்தது. தமிழ் படித்தவனுக்குப் பிழைப்பு எங்கே என்று கேட்ட காலம் அது. அப்பா என்ன செய்தார்? பையனுக்குப் பாடம் சொல்ல ஆள் கிடைக்கும் ஊராகப் பார்த்து, அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனார். கடைசியில் மாயூரத்துக்கு அழைத்துப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். மகனின் மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தன் ஆசையை ஒதுக்கி வைத்த அப்பா அவர். அந்த மனம் மட்டும் இல்லையென்றால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும்!

இந்தத் திருச்செங்கோட்டு மண்ணுக்கு வருவோம். நம் ஊர் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கின்றன. வண்டியோடு போகிறவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. அந்த உழைப்பை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். இராத்திரி ஒன்பது மணிக்குச் செல்போன் அடிக்கிறது. “சாப்பிட்டயா கண்ணு?” “சாப்பிட்டனுங்கப்பா.” “நல்லா படிக்கறயா?” “படிக்கறனுங்கப்பா.” “சரி, அம்மாகிட்டக் குடு சாமி.” அவ்வளவுதான். பாசம் கடலளவு இருக்கிறது, ஆனால் பேச்சு இரண்டு கேள்வியோடு நின்றுவிடுகிறது.

தூரத்தில் இருந்தும் மகளோடு நிறையப் பேசிய ஓர் அப்பாவைப் பாருங்கள். 1928 கோடையில் பத்து வயது இந்திரா முசௌரியில் இருந்தார், அப்பா நேரு அலகாபாத்தில் இருந்தார். பூமி எப்படித் தோன்றியது, உயிர்கள் எப்படி வந்தன என்று மகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அடுத்த ஆண்டே அவை புத்தகமாயின. பின்னர்ச் சிறையில் இருந்தபோதும் உலக வரலாற்றையே மகளுக்குக் கடிதமாக எழுதினார். தூரம் ஒரு தடையே இல்லை. பெரிய படிப்பும் தேவையில்லை. “இன்னிக்கு யாருகூட விளையாடுன?” என்று கேளுங்கள். “இங்க அறுநூறு அடியில தண்ணி வந்துச்சு சாமி” என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பூகோளமும் கிடைக்கும், அப்பாவும் கிடைப்பார்.

உள்ளூரிலேயே இருக்கும் அப்பாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடி வருகிறதா, ஓடி ஒளிகிறதா? இந்த ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவையும், கை நீட்டும் அப்பாவையும் பார்த்துப் பயந்த பிள்ளை தனக்கு வரும் துன்பத்தை யாரிடம் சொல்லும்? பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. இரண்டும் பயன்பட வேண்டுமென்றால் பிள்ளை முதலில் வாய் திறக்க வேண்டும். “அப்பாகிட்டச் சொன்னா அடிப்பாரு” என்று நினைக்கும் பிள்ளை வாய் திறக்காது. பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு, திட்டாமல் கேட்கும் ஓர் அப்பாவின் காது.

பையன் அழுதால், “ஆம்பளப் பையன் அழுவானா?” என்று அடக்காதீர்கள். மார்க்கு குறைந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது. பள்ளிக் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஊசி போடும் நாளில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள உங்கள் தோளும் வேண்டும்.

அரசுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் தாய்க்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 26 வார விடுப்பு தந்தது. வரவேற்கிறோம். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரு நாளைக்கூடச் சட்டம் உறுதி செய்யவில்லை. பிள்ளை பிறந்த வாரத்தில் மனைவி பக்கத்தில் இருப்பதற்குச் சம்பளத்தை இழக்க வேண்டுமா? அந்த அப்பாவுக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையை இந்த மேடையிலிருந்து உரக்க வைக்கிறோம்.

அப்பா இல்லாமல் வளரும் பிள்ளைகளும் இந்த அவையில் இருக்கிறார்கள். உங்களைத் தூக்கி வளர்த்த தாத்தாவும் தாய்மாமனும் தனியாக நின்று போராடும் அம்மாவும் இன்றைய வாழ்த்துக்கு முழு உரிமை உள்ளவர்கள்.

தந்தைமார்களே! உங்கள் வியர்வையில் இந்த ஊர் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு எங்கள் நன்றி. நீங்கள் கொண்டு வரும் பணத்தைவிட உங்களையே பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்று இரவு பிள்ளையோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பிள்ளையைச் சான்றோனாக்கும் வேலை அந்தப் பாயிலேயே தொடங்கிவிடும்.