முதுமையிலும் ஊழியம்



1824ஆம் ஆண்டு ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடக்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை, 1833இல் அவர் மறைந்தபின் தாங்கி நின்றவர்கள் லீவை ஸ்போல்டிங் ஐயரும் அவர் துணைவியார் மேரி அம்மையாரும். 1820இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த தம்பதியர் அவர்கள். 1873இல் கண்மூடும்வரை ஐயர் இந்த மிஷனின் ஊழியராகவே இருந்தார். சொந்தபந்தம் கடலுக்கு அப்பால். இங்குள்ள மாணவிகளே அவர்களுக்குக் குடும்பம்.

இன்று நாங்கள் பிள்ளைகளைத் தேடிக் கடல் கடக்கிறோம். ரொறன்ரோவில் மகள் வேலைக்கும் பேரர் பள்ளிக்கும் போனபின், பூட்டிய வீட்டில் பகல் நீளும். நானும் என் கணவரும் சபைப் போதகரிடம் வேலை கேட்டோம். இப்போது தனித்திருக்கும் தமிழ் முதியோரைச் சந்திக்கிறோம். ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறோம். வந்த கடிதங்களை வாசித்து விளக்குகிறோம். சம்பளமில்லை. “இந்தக் குளிரில் ஏனம்மா?” என்று தடுத்த மகளே இன்று எங்களைக் காரில் கொண்டுபோய் விடுகிறாள்.

சகோதரிகளே, பேரப்பிள்ளைகளுக்காகப் போங்கள். போன இடத்தில் ஊழியமும் கேட்டு வாங்குங்கள். உங்களை எதிர்பார்த்து அங்கும் ஒரு முதியவர் காத்திருக்கிறார்.