பூட்டுக்கு முந்திய திறவுகோல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சில வாரங்களுக்கு முன் நம் சங்கத்துத் தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு குப்பியின் படத்தை எம்மிடம் காட்டி, "அண்ணா, இதை ஊசியால் ஏற்றினால் இன்னும் இரண்டு அங்குலம் வளரலாமாம், உண்மையோ?" என்று வினவினார். குப்பியின் மேல் 'ஜீ.எச்.ஆர்.பி.-6' என்றிருந்தது. அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. நூல்களைப் புரட்டிய பின், முழு விடையையும் சொல்லவே இம்மேடைக்கு வந்துள்ளோம்.

மூளையின் அடியிலே பட்டாணிக் கடலையளவில் தொங்கும் கபச்சுரப்பி, வளர்ச்சி ஓமோனைச் சுரக்கின்றது. அது குறைந்தால் பிள்ளை வளராது. 1958 ஆம் ஆண்டு முதல் இறந்தோரின் கபச்சுரப்பியிலிருந்து எடுத்த ஓமோனை இத்தகைய பிள்ளைகளுக்கு ஏற்றினர். அதனூடே மூளையை அழிக்கும் கொடிய நோய் தொற்றியமை தெரியவர, 1985 இல் அமெரிக்காவில் அம்முறை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய ஓமோன் வந்தது.

வெளியிலிருந்து ஓமோனை ஊட்டாமல், சுரப்பியையே தூண்டிச் சுரக்கச் செய்தால் என்ன? நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ரியுலேன் பல்கலைக்கழகத்திலே சிறில் பவர்ஸ் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். வலியைத் தணிக்க உடல் தானே ஆக்கும் என்கெபலின் என்ற பொருள், ஐந்து அமினோவமிலங்கள் கோத்த ஒரு சிறு சரம். இத்தகைய சரத்தைப் பெப்தைட்டு என்பர். பவர்சும் துணைவரும் அதன் மணிகளை மாற்றி மாற்றிக் கோத்தனர். வலி தணிக்கும் குணம் போயிற்று. கபச்சுரப்பியோ வளர்ச்சி ஓமோனை வெளிவிட்டது! இதை 1977 இல் அறிவித்தனர். 1984 இல் வெளிவந்த ஆறு மணிச் சரமே தம்பி காட்டிய குப்பியின் பெயரை உடையது.

அந்த ஆறில் இரண்டு மணிகள் நம் உடற்புரதங்களில் காணப்படாத எதிர் வடிவத்தன; இடக்காற் செருப்புக்கு வலக்காற் செருப்புப் போல. உடல் ஒருபோதும் கண்டிராத பொருளுக்கு உடல் ஏன் பணிந்தது? வளர்ச்சி ஓமோனை வெளிவிடச் செய்யும் உடலின் சொந்தத் தூதுப்பொருள் ஒன்று 1982 இல் அகப்பட்டது. ஆனால் அதன் வாசல் வேறு. 1996 இல் மேர்க் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் இப்பெப்தைட்டு பொருந்தும் பூட்டைக் கபச்சுரப்பியிலும் மூளையிலும் கண்டனர். நியூ ஓர்லியன்சில் வார்த்த திறவுகோலுக்காகவா இயற்கை பூட்டுச் செய்து வைத்திருக்கும்? உரிய திறவுகோல் உடலில் எங்கோ இருந்தே ஆகவேண்டும்.

யப்பானியரான கொஜிமாவும் கங்காவாவும் அதைத் தேடினர். மூளையில் இருக்குமென எண்ணினர். அகப்பட்ட இடமோ இரைப்பை! 1999 டிசெம்பரில் அதற்குக் கிரெலின் எனப் பெயரிட்டனர். அதில் 28 மணிகள். மூன்றாவது மணியில் ஒரு கொழுப்பமிலம் ஒட்டியிருக்கும். அதை நீக்கினால் அந்தப் பூட்டுத் திறவாது. உணவு வேளைக்கு முன் குருதியில் ஏறிப் பசியை எழுப்புவதும் இதுவே என்பது பின்னர் புலனாயிற்று. கந்தசஷ்டி நோன்பிலே மடைப்பள்ளி வாசனை நம்மை வாட்டும்போது பழி முழுவதையும் மனத்தின்மேற் சுமத்தவேண்டியதில்லை.

இனித் தம்பிக்கு விடை. அவருக்கு வயது 22. நீண்ட எலும்புகளின் நுனியிலுள்ள வளர்தட்டுகள் மூடிவிட்ட பின் எந்தப் பெப்தைட்டும் ஒருவரை உயர்த்தாது. அந்த வயதில் வளர்ச்சி ஓமோன் நெடுங்காலம் மிகுந்தால் தாடையும் கைகால்களும் பருக்கும். குருதியிற் சர்க்கரையும் ஏறும். இந்த ஊசி பசியையும் தூண்டும். விளையாட்டு வீரருக்கோ, போட்டி நாளிலும் பயிற்சி நாளிலும் இவ்வகை மருந்து தடை. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற சீட்டோடு விற்கப்படும் குப்பிக்குள் சீட்டிற் சொன்ன பொருள்தான் இருக்கின்றதென்பதற்கு உறுதியும் இல்லை. மருத்துவரிடம் இவ்வினத்துக்கு வேறு பயன் உண்டு. சுரப்பி வேலை செய்கின்றதா என்று சோதிக்க, பருகக்கூடிய மசிமோரலின் என்ற மருந்தை 2017 இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

பெரியோர்கள் மகிழ்ந்து, "உழுத்தங்களியும் குரக்கனும் போதுமென்று நாங்கள் அன்றே சொன்னோமே" எனலாம். அதுவும் முழு விடையன்று. சுரப்பி குன்றிய பிள்ளையைக் களி வளர்க்காது. "அவன் விதி, அவன் குள்ளம்" என்று பெற்றோர் வாளாவிருக்கும் ஆண்டுகளிலேதான் வளர்தட்டுகள் மூடுகின்றன. நான்கு வயதிலிருந்து பருவமடையும்வரை பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரவேண்டும். பிறந்தநாள்தோறும் கதவுநிலையில் ஒரு கோடு கீறி வையுங்கள். கோடுகள் நெருங்கி வந்தால் பிள்ளையை உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பதினாறு வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

வினாக்கள் இருப்பின் கேளுங்கள்.