கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி



செம்பனைக் குலை வெட்டுகிறவர் அதன் காம்பில் தம்முடைய எண்ணை எழுதி வைப்பதை நீங்கள் அறிவீர்கள். கணக்கெடுக்க வருகிறவர் அதைப் பார்த்து, இன்னாருக்கு இத்தனை குலை என்று பதிந்துகொள்வார். எண் அழிந்துவிட்டால் அந்தக் குலையின் கூலி யாருக்கும் இல்லாமற் போகும். ஆகவே, ஒரு பொருள் யார் கையிலிருந்து வந்தது என்று குறித்து வைப்பதன் அருமையை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மளிகைப் பொருளுக்கும் அப்படி எண் போடும் ஒரு முறையைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அதற்கு ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். நாம் வானலைச் சில்லு என்று சொல்லிக்கொள்வோமே.

டோல் சாவடியில், காரில் ஒட்டிய சிறு வில்லையைக் கண்டு தடுப்புக் கம்பி தானாக உயர்கிறதல்லவா? அது இந்தச் சில்லுதான். 2022 ஜனவரி 15 முதல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜூருவுக்கும் ஸ்கூடாய்க்கும் இடையே இதற்கெனத் தனி வழி திறந்தார்கள். அந்த வில்லைக்குள் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இப்போது என் குரலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அலைக்கு அது தம்பி முறை.

கடைப் பொருள்களில் காணும் கறுப்புக் கோடுகள் அமெரிக்காவின் டிராய் என்னும் ஊரில் 1974 ஜூன் 26ஆம் நாள் முதன்முதலாக ஒரு சுவிங்கம் பொட்டலத்தில் படிக்கப்பட்டன. கோடுகளை ஒவ்வொன்றாகக் கருவிக்கு நேரே காட்டவேண்டும். சில்லுக்கு அது தேவையில்லை. பெட்டிகளைக் கிடங்கு வாசல் வழியே தள்ளிக்கொண்டு போனால், அத்தனையும் ஒரு நொடியில் தம் எண்ணைச் சொல்லிவிடும்.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். 2018 நவம்பரில் அமெரிக்காவில் ரோமேன் என்னும் சாலட் கீரையைத் தின்றவர்கள் ஈ.கோலை கிருமியால் நோயுற்றார்கள். எந்தத் தோட்டத்துக் கீரை என்று உடனே சொல்ல முடியவில்லை. ஆகவே நாடு முழுவதும் எவரும் அந்தக் கீரையை உண்ணவேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று அறிவித்தார்கள். குற்றமற்ற விவசாயியின் கீரையும் குப்பைக்குப் போயிற்று. வயலிலிருந்து கடைவரை ஒவ்வொரு கையும் பெட்டியின் எண்ணைப் பதிந்திருந்தால், கெட்டதை மட்டும் பிரித்திருக்கலாம். கேமரன் மலையில் பறித்த முட்டைக்கோசு கோத்தா திங்கிக்கு வருமுன் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் செலவு யார் தலையில்? வால்மார்ட் என்னும் பெரிய கடைக்குழுமம் 2003இல், தனக்குச் சரக்குத் தரும் பெரிய நிறுவனங்கள் நூறும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் சில்லு ஒட்டவேண்டும் என்றது. பயன் கடைக்கு, செலவு சரக்குக்காரருக்கு. அதனால் முணுமுணுப்பு எழுந்தது, காரியமும் மெதுவாயிற்று. ஜப்பானில் 2017இல் ஐந்து கடைக்குழுமங்கள் அரசுடன் சேர்ந்து, 2025க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிச் சில்லுகள் ஒட்டுவதாகச் சொல்லின. ஒரு சில்லின் விலை ஒரு யென்னாகக் குறைந்தால்தான் என்று நிபந்தனையும் வைத்தன. 2025 வந்து போயிற்று. அந்த எண்ணிக்கை கைகூடவில்லை.

சட்டைக்கு இது கட்டுப்படியாகிறது. மலிவான கீரைக்கட்டுக்குக் கட்டுப்படியாகுமா? மேலும், தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். தகரம் திருப்பி அடித்துவிடும். மீன், பால், சார்டின் டின் எல்லாம் இதற்குச் சண்டிப் பிள்ளைகள். எனவே கத்தரிக்காய் ஒவ்வொன்றிலும் ஒட்டுவது வீண் என்பது என் எண்ணம். திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கூடையில் ஒட்டினால், ஒரே சில்லு நூறு முறை உழைக்கும். சிறு விவசாயிக்கும் பாரமிராது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உங்கள் பிள்ளைகளில் பலர் பேரங்காடிக் கிடங்குகளில் வேலை செய்கிறார்கள். சரக்கை எண்ணும் வேலை இதனால் குறையும். ஆனால் ஒன்பது கிலோ போட்டுவிட்டுப் பத்து என்று பதிந்தால், கணக்கும் பத்து என்றுதான் காட்டும். மீன் கெட்டிருந்தாலும் வழக்கமான சில்லு வாய் திறவாது. முகர்ந்து பார்க்கவும் நிறுத்துப் பார்க்கவும் ஆள் வேண்டும். கருவி வாங்கும் முதலாளி அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தராசையும் எடுத்துவிடுவாரானால், குறைந்த எடைக்கு முழு விலை கொடுப்பவர் கடைக்குப் போகும் நீங்கள்தாம்.