எல்லாவற்றையும் கேஸ்ட்ரிக் என்று விட்டுவிடாதீர்கள்
(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அக்காமாரே, தங்கச்சிமாரே, இஸ்தோப்பில் நிற்கும் அண்ணன்மாரே,

சம்பள விஷயம் கேட்கத்தான் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறோம்.

போன வருஷம் நம்ம டிவிஷனில் ஓர் அக்காவுக்குக் கொழுந்து எடுக்கும்போதே மூச்சு வாங்கியது. முதுகும் தாடையும் வலித்தன, வேர்த்துக் கொட்டியது. கேஸ்ட்ரிக்தான் என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். இறங்கிப் போனால் அரைப் பேர்தான் விழும் என்று அந்தி நிறுவை வரைக்கும் நின்றார். ராத்திரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மாரடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் இன்றுவரை அவரால் மலைக்குப் போக முடியவில்லை. பக்கத்து நிரையில் நின்ற யாருக்கும் அது நெஞ்சு வருத்தம் என்று தோன்றவில்லை.

பெண்களுக்கும் நெஞ்சு வலி வரும். அதோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சு முட்டல், வாந்தி, தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்றும் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். சந்தேகம் வந்தால் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தோட்டப் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியால் திரும்புவது என்று சொல்லி, ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.

"தினமும் மலை ஏறி இறங்குறோம், எங்களுக்கு ஏன் சார் மாரடைப்பு?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நடப்பது நல்லதுதான். ஆனால் கருவாட்டு உப்பையும், வெற்றிலையோடு போடும் புகையிலையையும், குசினி விறகுப் புகையையும் நடந்தே கரைத்துவிட முடியாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். காலை ரொட்டி, சம்பலிலேயே அதில் எவ்வளவு போகிறது என்று இன்றைக்கு வீட்டில் பாருங்கள். புகையிலையை விடச் சொன்னால் கோபம் வருகிறது. குளிருக்கும் பசிக்கும் பழகியது, தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிரஷரோ சீனியோ ஏறியவர்கள், பிள்ளை பெரிதாகிவிட்டது என்று அதை மறந்துவிட வேண்டாம். பின்னாளில் நெஞ்சு வருத்தம் வர அவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள்.

பிரஷர் 140க்கு 90 என்ற அளவைத் தாண்டினாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. அளந்தால்தான் தெரியும். 35 வயதுப் பெண்களுக்குச் சுவநாரி கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிறார்கள். குளிசையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். தலைச்சுற்று நின்றதும் குளிசையை நிறுத்துவது, பக்கத்துக் காம்பராவில் இரண்டு வாங்கிப் போடுவது, இரண்டும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும் கிளினிக் வேலை நாளில்தான் நடக்கிறது. போனால் பேர் போகும். அதனால்தான் நீங்கள் போவதில்லை, சோம்பலால் அல்ல. கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப்போகிறோம். வாயால் கேட்டால் துரை சிரித்து அனுப்பிவிடுவார், பெயர்ப் பட்டியலோடு போக வேண்டும். 35 தாண்டியவர்கள் போகும்போது மாதர் தலைவியிடம் பெயரையும் செக்ரோல் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். அண்ணன்மாரே, வீட்டில் இருப்பவர்களின் பெயரை நீங்களும் கொடுக்கலாம்.

சரி, இனிச் சம்பளத்துக்கு வருவோம்.